சாதி சொல்லித் திட்டினார், சரி. அதைக் கேட்டது யார்?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். போன வருடம் வந்த நர்சிங் சூப்பரின்டெண்ட் என்னை மட்டும் மாதக்கணக்கில் நைட் டியூட்டியில் போடுகிறார். பேன்ட்ரியில் என் டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் மறந்தும் எடுத்துவிடக் கூடாதாம். மூன்று மாதம் முன்பு காலை ஷிஃப்ட் மாறும் ஹேண்ட் ஓவரில், டிரிப் பாட்டில் மாற்றத் தாமதமானது என்று என் சாதிப் பெயரைச் சொல்லி, "உங்க ஆளுங்களை உள்ளே விட்டதே தப்பு" என்று கத்தினார். நாலாம் நம்பர் பெட் பெரியவரின் மகன்கூட மருந்துச் சீட்டோடு கவுண்ட்டரில் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றே எச்.ஆருக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. இப்போது மருந்து சார்ட்டில் தவறு என்று எனக்கே மெமோ. ராஜினாமா செய்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருவார்களாம். வன்கொடுமைச் சட்டத்தில் கேஸ் போட்டு அவரை உள்ளே தள்ள வேண்டும். பணம் வேண்டாம், நியாயம் வேண்டும்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் கடிதம் பதினோரு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். டம்ளர் புள்ளியைப் படித்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தப் பதினோரு பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: நாலாம் நம்பர் பெட் பெரியவரின் மகன் கவுண்ட்டரில் நின்றார் என்ற வரி. உங்கள் வழக்கே அவர்தான்.

நைட் டியூட்டி, பதவி உயர்வு, லீவு மறுப்பு எல்லாவற்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அரசுப் பணி என்றால் அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவைக் காட்டி உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் நிர்வாகம் வேலையில் பாகுபாடு காட்டினால் நேராகத் தட்டிக் கேட்க இந்த நாட்டில் பொதுவான சட்டம் ஒன்று இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து, ஆனால் இல்லை. டம்ளர் விஷயம் தீண்டாமை, 1955-ஆம் வருடத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரக்கூடியது. புள்ளியை வைத்தது யார் என்று காட்ட ஆள் இல்லாததால் அதை முன்னால் நிறுத்தாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், போதும்.

1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உங்களுக்குப் பொருந்துவது 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய இரண்டும். ஒன்று வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, மற்றது சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: பொதுமக்கள் பார்வைக்கு எட்டும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் சொன்னது இதில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் நம் திருச்சிப் பக்கத்து வழக்கு ஒன்றிலும் அதுவே நடந்தது. வருவாய்த் துறை ஊழியரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே சாதி சொல்லித் திட்டியதாகப் புகார். உடன் வேலை பார்ப்பவர்கள் சம்பவத்துக்குப் பிறகுதான் அங்கே வந்தார்கள் என்பதால் வழக்கே ரத்தானது.

உங்கள் நர்சிங் ஸ்டேஷன் வார்டு நடுவில், எல்லோரும் வந்து போகும் கவுண்ட்டர். இடம் உங்களுக்குச் சாதகம். கேட்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சிஸ்டர்களை நம்பாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அடுத்த மாத டியூட்டி ரோஸ்டரை எழுதப்போவது அதே சூப்பரின்டெண்ட்தான். போலீஸ் விசாரணையில் "சத்தம் கேட்டது, வார்த்தை சரியாகக் கேட்கவில்லை" என்பார்கள். பல வழக்குகளில் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த மகனுக்கு ரோஸ்டர் பயம் இல்லை.

இங்கேதான் என் பயம் ஆரம்பிக்கிறது. இதைப் படித்ததும் நீங்கள் செய்யப்போகும் முதல் காரியம் மருத்துவமனை கம்ப்யூட்டரில் அந்தப் பெரியவரின் ஃபைலைத் திறந்து மகனின் போன் நம்பரை எடுப்பது. செய்யாதீர்கள். நோயாளியின் விவரத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தார் என்று உங்களை வெளியே அனுப்ப அந்த ஒரு லாகின் போதும். அதுவரை நொண்டிக்கொண்டிருந்த மெமோவுக்கு நீங்களே கால் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பெட் நம்பரும் தேதியும் நேரமும் உங்கள் புகாரில் இருந்தால் போதும், விசாரணை அதிகாரி ஆவணத்தைக் கேட்டு வாங்குவார். சென்னையில் இந்த வழக்கை விசாரிப்பது உதவி ஆணையர். வார்டு கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு இன்றே எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவு அழிந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் கேட்டோம், இல்லை என்றார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது நீங்கள் எச்.ஆருக்குப் போட்ட மெயில். நகலை இணைத்திருக்கிறீர்கள். "மேடம் எல்லோர் முன்னிலையிலும் மனம் புண்படும்படி பேசினார்" என்று இருக்கிறது. சாதிப் பெயர் இல்லை. சாதி என்ற சொல்லே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை உங்கள் கையால் டைப் செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை. நிறையப் பேருக்கு வருவதில்லை. ஆனால் சூப்பரின்டெண்ட் முன்ஜாமீன் கேட்டுப் போகும்போது அவருடைய வக்கீல் முதலில் நீட்டப்போவது இந்த மெயிலைத்தான். 18-ஆவது பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். புகாரைப் படித்த மாத்திரத்தில் குற்றம் தெரியவில்லை என்றால் நீதிமன்றம் கொடுத்துவிடும். "அன்று சாதி இல்லை, மெமோ வந்த பிறகு சாதி வந்தது" என்ற ஒரு வாதத்தில் உங்கள் உண்மை முழுவதும் பழிவாங்கல் ஆகிவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கப் போய்த்தான் ஆட்கள் விழுகிறார்கள். சில வருடம் முன்பு ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் ஒருவர் என்னிடம் வந்தார். நடந்தது ஒரு சம்பவம், ஒரு வார்த்தை, அப்பட்டமான உண்மை. எனக்கு முன்னால் அவருக்கு உதவி செய்த நல்ல மனிதர் ஒருவர் புகாரைப் "பலப்படுத்தி" எழுதியிருந்தார்: ஐந்து தடவை திட்டினார், பொதுமக்கள் திரளாக நின்றார்கள், கையை ஓங்கினார். குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். திரள் எங்கே? ஓங்கியது எந்தக் கை? அரை மணி நேரத்தில் அந்த ஒரு உண்மையான வார்த்தையும் பொய்களோடு சேர்ந்து போனது. விடுதலை. அந்த டெக்னீஷியன் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன்: ஒரு தடவை சொன்னார் என்றால் ஒரு தடவை என்றே எழுதுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். மெயிலில் ஏன் எழுதவில்லை என்பதையும் நீங்களே புகாரில் சொல்லிவிடுங்கள்: எழுதக் கூசியது என்று. உண்மையான விளக்கம் முதல் பக்கத்தில் இருந்தால் அதை யாரும் பிறகு கண்டுபிடித்துக் காட்ட முடியாது. மூன்று மாதத் தாமதத்துக்கும் இதே மருந்துதான்.

இன்னொன்று. கடிதத்தில் ஓரிடத்தில், கணவர் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறோம் என்கிறீர்கள். கல்யாணத்தால் உங்கள் சாதி மாறாது. நீங்கள் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். பட்டியல் சாதிகள் யார் என்று சொல்லும் 1950-ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதி. மதம் மாறியவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதில் கறாராக இருந்தது. கையில் பழைய சாதிச் சான்றிதழ் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. திட்டுகிறவர்கள் ஞானஸ்நானம் பார்த்துத் திட்டுவதில்லை, இது அநியாயம்தான். ஆனால் இந்த ஒரு காரணத்தால் வழக்கு அடியோடு விழும்.

சரி, என்ன செய்யலாம்? அந்த மகன் சாட்சி சொல்லத் தயார், ஞானஸ்நானம் இல்லை என்றால் புகார் கொடுங்கள், நான் நிற்கிறேன். ஜாமீன் விசாரணையில் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 15ஏ பிரிவு சொல்கிறது, அந்த உரிமையை விடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று சரிவராவிட்டாலும் சமரசம் பேசுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். வருடக்கணக்கில் அலைந்து, கடைசியில் அவர் விடுதலையாகி அதே வார்டில் இனிப்பு கொடுப்பதைப் பார்க்க உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை.

சமரசம் என்றால் தலை குனிவது இல்லை. மெமோவை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். பதவியும் தேதியும் சரியாக உள்ள அனுபவச் சான்றிதழ், ரிலீவிங் ஆர்டர், அவர்களிடம் இருக்கும் உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள், ஏழு வருட கிராஜுவிட்டி, எல்லாம் ஒரே நாளில் கைக்கு வர வேண்டும். "சாதிப் பாகுபாடு எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிக் கேட்பார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களும் "இவ்வளவு தராவிட்டால் வன்கொடுமை கேஸ்" என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதிவிடாதீர்கள். பணம் பறிக்க மிரட்டினார் என்று எதிர்ப் புகார் வரும், அந்த மெசேஜே அதற்குச் சாட்சி.

அதுவரை "சொந்தக் காரணங்களுக்காக" என்று எந்த ராஜினாமாவும் வேண்டாம். வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் துறையில் கேட்க வழி உண்டு. நீங்களாகப் போனால் அந்தக் கதவும் மூடிவிடும். மெமோவுக்குப் பதில் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து சார்ட்டைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள்.