ஒரே குகைக்கு ஒன்பது வாசல்

கேள்வி: ஆசிரியர் ஐயா, ‘டிராகன் ஏஜ்’ வீடியோ கேமின் முதல் பாகத்தை ராத்திரி பகல் பாராமல் ஆடியவன் நான். போன மாதம் ‘ஸ்டீம்’ என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடி விலையில் இரண்டாம் பாகம் வாங்கினேன். நாற்பது மணி நேரம் ஆடி முடித்துவிட்டு எரிச்சலோடு எழுதுகிறேன். எங்கே போனாலும் ஒரே குகை! இரண்டாம் பாகம் என்றாலே ஏமாற்றம்தானா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: குன்னூரில் உட்கார்ந்து பத்திரிகை நடத்துகிறவனிடம் குகையைப் பற்றிப் பேச்செடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டாமா தம்பி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 1899இல் குன்னூர் வரை வந்துவிட்ட ரயில் ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. அந்தப் பதினாறு குகைக்கும் வண்டியில் நடக்கும் கூத்து இருக்கிறதே, அதற்குத் தனி டிக்கெட் போடலாம். முதல் குகை வந்ததும் பெட்டி முழுக்க ‘ஓ’வென்று கத்தும். பிள்ளைகள் ஆரம்பித்து வைப்பார்கள், அப்பாக்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆறாவது குகையில் அப்பாக்களுக்குத் தொண்டை கட்டும். பத்தாவதில் பிள்ளைகள் முறுக்குக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறமும் விடாமல் கத்துகிறவர் ஒரே ஒருவர் இருப்பார், அநேகமாகப் புதுமாப்பிள்ளை. மடியில் பையை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் மட்டும் புகைக்குப் பயந்து ஜன்னலை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால், முன்னால் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனுக்குத்தான் இருட்டு முதலில் வரும். அவர் கத்தி நான் பார்த்ததில்லை.

இதைப் போய் ‘டாய் ட்ரெயின்’ என்கிறார்கள். கல்லாரைத் தாண்டியதும் தண்டவாளத்துப் பல்லைக் கவ்விக்கொண்டு பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற எஞ்சின் பொம்மையா? எங்கள் பத்திரிகை விளம்பரத்திலேயே ‘டாய் ட்ரெயின் பேக்கேஜ்’ என்று வருகிறது. விளம்பர மேலாளரும் நானும் இப்போது சீட்டு எழுதித்தான் பேசிக்கொள்கிறோம்.

சரி, உங்கள் குகை. அக்கா மகன் லேப்டாப்பில் நானும் உள்ளே போயிருக்கிறேன். மலைக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும் கைவிட்ட சுரங்கத்துக்குப் போனாலும் உள்ளே அதே பள்ளம், அதே திருப்பம், அதே சிலந்தி. இந்தத் தடவை வடக்கு வாசல் வழியாக விடுவார்கள், அடுத்த தடவை தெற்கு வாசல். நடுவில் ஒரு கல்லை வைத்து அடைத்துவிட்டுப் புது இடம் என்பார்கள். அதிலும் மூலையில் இருக்கும் மேப் பழைய குகையை முழுசாகக் காட்டிக்கொடுக்கிறது! அங்கே ஓர் அறை இருக்கிறது என்று மேப் சொல்கிறது, போனால் சுவர். திருடுகிறவன் தடயத்தையாவது துடைக்க வேண்டாமா?

காரணம் ஊரறிந்தது, நேரமில்லை. முதல் பாகத்தை 2004இல் அறிவித்து 2009 நவம்பரில்தான் வெளியிட்டது, அதைத் தயாரித்த பயோவேர் நிறுவனம். இரண்டாவதை 2011 மார்ச்சிலேயே கடைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவசரத்தின் தலையில் மொத்தப் பழியையும் போட நான் விடமாட்டேன். இதே பயோவேர் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற கேமை 1998 டிசம்பரில் கொண்டுவந்து, இரண்டு வருஷம் முடியுமுன்னே, 2000 செப்டம்பரில், அதன் இரண்டாம் பாகத்தைக் கொடுத்தது. முதல் பாகத்தைவிட அதுதான் உசத்தி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறவர்கள் ஏராளம். ‘இரண்டாம் பாகம் என்றாலே’ என்று இனி ஆரம்பிக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஒரு நாட்டையே சுற்றவிடாமல், கிர்க்வால் என்ற ஒரே நகரத்தில் ஒருவனைப் பல வருஷம் வாழவைப்பது நல்ல யோசனை. பிழைக்க வந்த அகதிக் குடும்பம், கடன், அம்மா, சண்டைக்காரத் தம்பியோ தங்கையோ, மெல்ல மெல்ல ஊரில் ஒரு பெயர். உலகத்தைக் காப்பாற்றும் வீரர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கதை மூன்று வருஷம் தாண்டுகிறது, மறுபடி மூன்று வருஷம் தாண்டுகிறது, ஊர் அப்படியே நிற்கிறது. அதே சந்தை, அதே படிக்கட்டு, அதே இடத்தில் அதே ஆள். நீங்கள் மூன்று வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்து குன்னூர் பெட்ஃபோர்டில் இறங்கிப் பாருங்கள். டீ குடித்த கடையில் செல்போன் உறை விற்பார்கள், தேயிலைச் சரிவில் காட்டேஜ் முளைத்திருக்கும், வழி கேட்டால் வழி சொல்கிறவரும் நேற்று வந்தவராக இருப்பார். குகையை நூறு தடவை காட்டட்டும், மன்னித்துவிடுகிறேன். வருஷம் போனது ஊரின் முகத்தில் தெரிய வேண்டும்.

உங்களைப் போன்றவர்கள் போட்ட கூச்சலுக்குப் பலன் கிடைத்தது. 2014இல் வந்த மூன்றாம் பாகத்தில் நடந்து மாளாத அளவுக்கு நிலத்தைத் திறந்துவிட்டார்கள். அதில் என்ன செய்தீர்கள்? முதல் பகுதியிலேயே வாரக்கணக்கில் மூலிகை பறித்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் அதற்கும் புலம்பல். கோத்தகிரிக்காரர் நீங்கள், பறிப்பைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? இரண்டு இலை ஒரு கொழுந்து பார்த்துப் பறித்துக் கொண்டுபோய்ப் போடுகிற சிறு விவசாயிக்கு, உரத்துக்கும் ஆள்கூலிக்கும் போக என்ன நிற்கிறது என்று உங்கள் தெருவிலேயே கேளுங்கள். மாதாமாதம் விலையை அறிவிக்கிறார்கள், அதில் ஒரு ரூபாய் ஏறினால் தலைப்புச் செய்தி. பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு இந்தப் பக்கத்தில் நான் எழுதாத இதழ் கிடையாது. உதவி ஆசிரியர் இப்போதே தலையில் கைவைத்துவிட்டார், நிறுத்திக்கொள்கிறேன்.

பணம் கேட்டீர்களே, மறந்துவிட்டேன். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் திருப்பித் தருவார்கள். நீங்களோ போன மாதம் வாங்கி, நாற்பது மணி நேரம் ஆடி, கடைசிச் சண்டைக்கு வரும் அந்த மெரிடித் அம்மாள் கல்லாய்ச் சமைந்தது வரை பார்த்துவிட்டிருக்கிறீர்கள். கேட்டுத்தான் பாருங்களேன். கொடுத்துவிட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், விளம்பர மேலாளரிடம் காட்ட வேண்டும்.