மழை விட்டதும் கொசுவலையை அவிழ்க்காதீர்கள்

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தான்சானியாவில் லிண்டி பக்கம் முந்திரிக் கொள்முதல் வேலை கிடைத்திருக்கிறது, கிராமத்தில்தான் தங்கல், மழை மாதங்களில் மட்டும் மலேரியாவுக்குக் கவனமாக இருந்தால் போதுமா என்று.

போதாது தம்பி. நான் மண்டபத்துக்காரன், தான்சானியாவுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். மே மாதம் மழை விட்டது, காதோரம் ரீங்காரமும் குறைந்தது. புழுக்கமாக இருக்கிறதே என்று கொசுவலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். மூன்றே வாரத்தில் குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது.

மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. இந்த வெக்கையில் கிருமி அதன் உடம்புக்குள் முற்றப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை சாகாமல் இருக்கும் கிழட்டுக் கொசுதான் ஆபத்து. ஈரக்காற்று அதன் ஆயுளை நீட்டிவிடும். அதனால் முதலில் மழை, சில வாரம் கழித்துக் கொசு, அதற்கும் பின்னால்தான் காய்ச்சல். 18 டிகிரிக்குக் கீழே கிருமி வளராது என்பார்கள், ஆனால் இந்தக் கடலோரம் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

கொசு முட்டையிடும் இடம் என்று நம்ம பக்கம் வீட்டுக் கிணறு, சிமென்ட் தொட்டி, ராமேஸ்வரம் தீவில் சவுக்குக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய குழி, இவற்றைத்தான் பார்ப்போம். இங்கே ஒரு மாட்டுக் குளம்படி போதும். வெயில் படும் குளம்படியில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பாருங்கள். கொசுப்புழு நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் மலேரியாக் கொசு. தலைகீழாகத் தொங்கினால் வேறு வகை. கொட்டுகிற மழை அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். விட்டுவிட்டுத் தூறி, நடுவில் வெயிலும் அடிக்கிற வாரம்தான் மோசம்.

'சின்ன வயதிலேயே வந்துபோனது, உடம்பு தாங்கும்' என்று நம்பாதீர்கள். நம்மூரில் பெரும்பாலும் வைவாக்ஸ் வகைக் கிருமி, இங்கே ஃபால்சிபாரம் வகை. இதற்குச் சிகிச்சை தாமதித்தால் மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். பன்னிரண்டு மாதமும் வலை, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தச் சோதனை. மூன்று நாளைக்கு ஆறு வேளை மாத்திரை தருவார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதென்று நிறுத்தக்கூடாது.

அப்புறம், விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள். எதிர்க்கரை இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அங்கே கொசு ஒழியவில்லை, கிருமிதான் ஒழிந்தது. நம்ம ஊரிலும் கொசு இருக்கிறது, கிருமியை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது. தொண்டியில் போய்ச் சுரம் கண்டால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கும் வலைக்குள் படுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றுக் கொசு உங்களைக் கடித்துவிட்டு அம்மாவைக் கடிக்கக்கூடாது.