ரூலெட்டில் பூஜ்ஜியத்தின் அண்டை எண்கள் மீது பந்தயம் கட்டினால் கூடுதல் லாபம் கிடைக்குமா?

உங்கள் கேள்வியில் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் ஆட்டத்தின் பிரெஞ்சு முறையில் ‘வுவாசான் தியு செரோ’ என்று அழைக்கப்படும் பந்தயத்துக்கு, அதாவது சக்கரத்தில் பூஜ்ஜியத்தைச் சூழ்ந்துள்ள எண்கள் மீதான பந்தயத்துக்கு, ஒன்பது சில்லுகள் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகள்) ஏன் தேவைப்படுகின்றன என்பது ஒன்று. பதினேழு எண்களை ஒரே பந்தயத்தில் பிடித்துவிடுவதால் அது மற்றவற்றைவிட லாபகரமானதா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லாபகரமானது அன்று. ஒரே ஒரு பூஜ்ஜியம் உள்ள சக்கரத்தில் ஒன்பது சில்லுகளைச் சிவப்பின் மீது, அதாவது சிவப்பு நிற எண்களில் எது வந்தாலும் வெல்லும் பந்தயத்தில், வைத்தால் சராசரியாக எவ்வளவு இழப்பீர்களோ, கூடாமல் குறையாமல் அதே அளவைத்தான் இதிலும் இழப்பீர்கள். சில மேசைகளிலோ சிவப்பைவிட இதில் இழப்பு இரு மடங்காகும். கல்லூரியில் நிகழ்தகவு நடத்துபவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பந்தயம் மிகவும் பிடிக்கும். ஆடுவதற்காக அல்ல, மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுப்பதற்காக.

மேசை விரிப்பில் எண்கள் 1 முதல் 36 வரை, வரிசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வரிசைகளில் ஒழுங்காக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றின் தலைமாட்டில் பூஜ்ஜியம் இருக்கும். சக்கரத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. பூஜ்ஜியத்திலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் சென்றால் 32, 15, 19, 4, 21, 2, 25 என்று ஏழு எண்கள் வரும். எதிர்த்திசையில் சென்றால் 26, 3, 35, 12, 28, 7, 29, 18, 22 என்று ஒன்பது வரும். இவற்றோடு பூஜ்ஜியத்தையும் சேர்த்தால் பதினேழு. பூஜ்ஜியத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் எட்டு சிவப்பு, எட்டு கறுப்பு. சக்கரத்தில் ஏறக்குறைய பாதி வட்டத்தை அடைத்துக்கொள்ளும் இந்த எண்கள் விரிப்பில் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடப்பதால், ஆட்டக்காரர் ஒவ்வொன்றையும் தேடிச் சில்லு வைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதனால்தான் பந்தயத்தின் பெயரையும் சில்லின் மதிப்பையும் வாயால் சொல்லிப் பணத்தை ஒப்படைத்தால், மேசையை நடத்தும் குரூப்பியர் சில்லுகளை உரிய இடங்களில் வைத்துவிடுவார். இப்போது பல மேசைகளில் சக்கரத்தின் வரிசையையே நீள்வட்டப் பாதையாக விரிப்பின் ஓரத்தில் வரைந்து, பந்தயத்தை அங்கே குறித்துக்கொள்கிறார்கள்.

இனி ஒன்பது சில்லுகளுக்கு வருவோம். விரிப்பில் அடுத்தடுத்துள்ள இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள கோட்டின் மீது ஒரு சில்லை வைத்தால், இரண்டில் எது வந்தாலும் பதினேழு மடங்கு கிடைக்கும். வைத்த சில்லையும் சேர்த்தால் 18 கைக்கு வரும். 4–7, 12–15, 18–21, 19–22, 32–35 ஆகிய ஐந்து இணைகளுக்கும் இவ்வாறு ஒவ்வொரு சில்லு போகிறது. 25, 26, 28, 29 என்ற நான்கு எண்கள் சந்திக்கும் மூலையில் இரண்டு சில்லுகள் வைக்கப்படுகின்றன. மூலைப் பந்தயம் எட்டு மடங்கு தருவதால், இரண்டு சில்லுகளுக்கு முதலோடு சேர்த்து அங்கேயும் 18 திரும்பும். எஞ்சியிருப்பவை 0, 2, 3. இந்த மூன்றும் விரிப்பில் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அங்கே வைக்கும் பந்தயம் பதினொரு மடங்கு தரும், அதாவது ஒரு சில்லுக்கு முதலோடு 12. மற்ற எண்களைப் போல இங்கும் 18 திரும்ப வேண்டுமானால் ஒன்றரைச் சில்லு வைக்க வேண்டியிருக்கும். அரைச் சில்லு என்று ஒன்று இல்லாததால் இரண்டாக வைக்கிறார்கள். அப்போது 24 திரும்புகிறது. ஐந்தும் இரண்டும் இரண்டும் ஒன்பது. பந்தயத்தின் வடிவம் முழுவதும் இந்தச் சின்ன நெருக்கடியிலிருந்தே பிறக்கிறது என்பது என் கணிப்பு: பதினான்கு எண்களுக்கு ஒரே பரிசு, மூன்று எண்களுக்கு மட்டும் சற்றுக் கூடுதல்.

சில்லு ஒன்றுக்கு ஐந்து யூரோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சுழற்சிக்கு நீங்கள் 45 யூரோ கட்டுகிறீர்கள். பதினான்கு எண்களில் ஒன்று வந்தால் 90 யூரோ திரும்பும், நிகர லாபம் 45. பூஜ்ஜியமோ 2, 3 ஆகியவற்றில் ஒன்றோ வந்தால் 120 யூரோ திரும்பும், நிகர லாபம் 75. மீதமுள்ள இருபது எண்களில் எது வந்தாலும் 45 யூரோவும் போய்விடும். சில்லுக் கணக்கில், முப்பத்தேழு எண்களும் ஒவ்வொரு முறை வந்ததாகக் கற்பனை செய்து கூட்டிப் பாருங்கள்: பதினான்கு முறை ஒன்பது லாபம், அதாவது 126; மூன்று முறை பதினைந்து லாபம், அதாவது 45; இருபது முறை ஒன்பது நட்டம், அதாவது 180. வரவு 171, செலவு 180, நிகரமாக ஒன்பது சில்லுகள் நட்டம். முப்பத்தேழு சுழற்சிகளில் மொத்தம் 333 சில்லுகள் கட்டி ஒன்பதை இழந்திருக்கிறீர்கள். அது முப்பத்தேழில் ஒரு பங்கு, நூற்றுக்கு 2.70.

இதைச் சிவப்போடு ஒப்பிடும்போதுதான் கணக்கு சுவைக்கிறது. ஒன்பது சில்லுகளையும் சிவப்பில் வைத்தால் 18 எண்களில் ஒன்பது லாபம், 19 எண்களில் ஒன்பது நட்டம். நிகரம் அதே ஒன்பது சில்லு நட்டம். அண்டை எண்களின் பந்தயத்தில் வெல்லும் எண் ஒன்று குறைவு. லாபமாக இருந்திருக்க வேண்டிய ஓர் எண் நட்டமாக மாறும்போது ஒன்பது வராமல் போவதோடு ஒன்பது கையைவிட்டும் போவதால், வித்தியாசம் பதினெட்டுச் சில்லுகள். 0, 2, 3 ஆகிய மூன்றும் வழக்கமான ஒன்பதுக்கு மேல் தலா ஆறு சில்லுகள் கூடுதலாகத் தருகின்றனவே, அந்தக் கூடுதலும் பதினெட்டு. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் அப்படியே திருப்பித் தந்துவிட்டது சக்கரம். இது தற்செயல் அன்று. விரிப்பில் உள்ள இந்தப் பந்தயங்கள் ஒவ்வொன்றின் பரிசும் முப்பத்தேழு எண்களுக்குப் பதிலாக முப்பத்தாறு எண்களே இருப்பதாகப் பாவித்து நிர்ணயிக்கப்பட்டது; ஆகவே எந்தச் சில்லை எங்கே வைத்தாலும், எத்தனை இடங்களில் பிரித்து வைத்தாலும், ஒவ்வொரு சில்லும் தனித்தனியே முப்பத்தேழில் ஒரு பங்கைச் சூதாட்ட விடுதிக்குச் செலுத்திவிடுகிறது. தனித்தனியே நட்டமான ஒன்பது சில்லுகளைச் சேர்த்து வைப்பதால் லாபம் பிறக்க வழியில்லை.

மீதி இருபது எண்களுக்கும் இதே போன்ற பந்தயங்கள் உண்டு. பூஜ்ஜியத்துக்கு எதிர்ப்புறம், 27 முதல் 33 வரை சக்கரத்தில் தொடர்ச்சியாக அமைந்த பன்னிரண்டு எண்களை ஆறு இணைகளில் ஆறு சில்லுகளால் பிடிப்பது ‘தியேர்’. இரண்டுக்கும் இடையே இருபுறமும் விடுபட்டுப்போன 1, 20, 14, 31, 9 என்ற ஐந்தையும் 17, 34, 6 என்ற மூன்றையும் ஐந்து சில்லுகளால் பிடிப்பது ‘ஓர்ஃப்லான்’. இந்த மூன்று பந்தயங்களையும் ஒரே நேரத்தில் கட்டினால் இருபது சில்லுகளில் சக்கரம் முழுவதும் உங்களுடையதாகிவிடும். பந்து எங்கே விழுந்தாலும் ஒரு பரிசு நிச்சயம். ஆனால் முப்பத்திரண்டு எண்களுக்குத் திரும்புவது பதினெட்டுச் சில்லுகளே என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு சில்லுகள் நட்டம். 0, 2, 3 வந்தால் நான்கு லாபம். 1 அல்லது 17 வந்தால் பதினாறு லாபம். கூட்டிக் கழித்தால் மறுபடியும் முப்பத்தேழில் ஒரு பங்கு. எண்களை அதிகமாகப் பிடிப்பது வெற்றிக்கு வழி என்று நம்புகிறவர்களிடம் நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்.

பிறகு ஏன் இந்தப் பந்தயத்துக்கு இவ்வளவு ஈர்ப்பு? சக்கரத்தில் ஒரு பகுதியைக் கைக்குள் வைத்திருக்கும் உணர்வைத்தான் அது விற்கிறது என்று நினைக்கிறேன். பந்து வேகம் குறைந்து உங்கள் பக்கமாக வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்பில் கட்டியவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது, ஏனெனில் சிவப்பும் கறுப்பும் சக்கரத்தில் மாறி மாறி வருகின்றன. சக்கரத்தின் பகுதியை நம்பிக் கட்டுவது முற்றிலும் மூடத்தனமும் அன்று. சக்கரம் ஓர் இயந்திரம், இயந்திரத்தில் குறை இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் ஜாக்கர் என்ற யார்க்‌ஷயர்க்காரர் மான்டி கார்லோவில் சரிசமமாகச் சுழலாத ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்துப் பெரும்பணம் வென்றார். 1990களில் கொன்சாலோ கார்சியா பெலாயோ மாட்ரிட்டில் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைக் குறித்துவைத்து, எந்தச் சக்கரத்தில் எந்த எண்கள் மிகுதியாக வருகின்றன என்று கணித்தே ஆடினார். அதில் மோசடி ஏதும் இல்லை என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2004இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப்பும், தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானனும் 1961இல் லாஸ் வேகாஸுக்கு எடுத்துச் சென்ற, உடலில் அணியும் சிறு கணினி, சக்கரமும் பந்தும் சுழலும் வேகங்களைக் கொண்டு சக்கரத்தின் எட்டுப் பகுதிகளில் எதில் பந்து விழும் என்று கணித்தது. இவற்றில் ஒன்றுகூட பூஜ்ஜியத்தின் பக்கத்தைச் சார்ந்ததன்று என்பதைக் கவனியுங்கள். குறையுள்ள சக்கரத்தில் சாயும் பக்கம் எதுவாகவும் இருக்கலாம். வேகத்தைக் கணக்கிடும் முறையிலோ பகுதி ஒவ்வொரு சுழற்சிக்கும் மாறும். அச்சிட்டு வைத்த நிரந்தரப் பகுதி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அந்த நால்வரின் வழியில் செல்பவர் ஆகமாட்டார்.

சிவப்பைவிட இது இரு மடங்கு செலவாகும் மேசைகள் என்று மேலே குறிப்பிட்டேன். பிரெஞ்சு முறையில் ‘லா பர்த்தாஜ்’ என்றொரு விதி உண்டு: பூஜ்ஜியம் வந்தால் சிவப்பு–கறுப்பு, ஒற்றை–இரட்டை போன்ற சமப் பரிசுப் பந்தயங்களில் கட்டியவர்களுக்குப் பாதிப் பணம் திருப்பித் தரப்படும். அதனால் அங்கே விடுதியின் பங்கு நூற்றுக்கு 2.70 என்பதிலிருந்து 1.35 ஆகக் குறைகிறது. இந்தச் சலுகை அண்டை எண்களின் பந்தயத்துக்குக் கிடையாது. எந்த மேசை இந்தப் பந்தயத்துக்குப் பிறந்த வீட்டைப் போன்றதோ, அதே மேசையில்தான் அது சிவப்பைவிட விலை கூடியதாக இருக்கிறது.

அமெரிக்க முறைச் சக்கரத்தில் 0, 00 என்று இரண்டு பூஜ்ஜியங்கள் இருப்பதோடு எண்களின் வரிசையும் வேறு. அங்கே 0க்கு இருபுறமும் இருப்பவை 28, 2. ஒரு பூஜ்ஜியச் சக்கரத்தில் அதற்கு ஒட்டி அமர்ந்திருந்த 32 அங்கே எட்டு இடம் தள்ளியிருக்கிறது. ஆகவே அதே பதினேழு எண்களின் மீது பந்தயம் கட்டினால், அவை சக்கரத்தில் ஒரே பகுதியாகக்கூட இருக்கமாட்டா. நட்டமோ நூற்றுக்கு 5.26 ஆகிவிடும். அந்த மேசையில் இதைவிட மோசமானதாக நான் அறிந்தது 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்து எண்கள் மீதான பந்தயம்: ஆறு மடங்கு மட்டுமே தருவதால் அதில் விடுதியின் பங்கு நூற்றுக்கு 7.89.