மைனஸ் 23-க்குப் பிறகு மெர்லோவைக் கவாத்து செய்யலாமா?

இப்போதைக்குக் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பிப்ரவரியில் ஒரே இரவு நயாகராவில் குளிர் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை போனது, மெர்லோ திராட்சைக் கொடிகளை வழக்கம்போல் கவாத்து செய்யலாமா என்று கேட்கிறீர்கள். எத்தனை மொட்டு செத்தது என்று தெரியாமல் வெட்டினால், பிழைத்த மொட்டுகளும் குப்பைக்குப் போய்விடும்.

முந்தைய வாரம் பனி உருகியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். நடுக்குளிரில் வெயில் தட்டினால் மொட்டு குளிர் தாங்கும் பலத்தை இழந்துவிடும். மறுபடி குளிர் திடீரென இறங்கும்போது தாங்காது. அதிலும் மெர்லோ, ரீஸ்லிங் என்ற திராட்சை ரகத்தைவிடக் குளிரைக் குறைவாகத் தாங்கும்.

சோதனை எளிது. மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பல கொடிகளிலிருந்து, நூறு மொட்டுகளாவது வரும்படி குச்சிகளை வெட்டி, இரண்டு நாள் வீட்டுக்குள் வையுங்கள். அப்புறம் சவரப் பிளேடால் மொட்டின் தலையை மெல்லிசாகச் சீவுங்கள். உள்ளே மூன்று புள்ளி தெரியும். நடுவில் இருப்பது முதன்மை மொட்டு. பெரும்பாலான பழம் அதிலிருந்துதான். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, பழுப்பு என்றால் போய்விட்டது. பாதி போயிருந்தால் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு மொட்டுகளை வெட்டாமல் விடுங்கள். அதற்கும் மேல் என்றால் இந்த வருடம் கவாத்தே வேண்டாம்.

ஒன்று மட்டும்: மொட்டு பச்சையாக இருந்தாலும் அடித்தண்டு உள்ளே அடிபட்டிருக்கலாம். அது கோடையில் தளிர் திடீரென வாடும்போதுதான் தெரியும். அதனால் தேவைப்பட்டால் புதிய தண்டாக வளர்க்க, அடியிலிருந்து கிளம்பும் ஓரிரு தளிர்களை விட்டு வையுங்கள், ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே வந்தவையாகப் பார்த்து. ஒட்டுக்குக் கீழே வருவது மெர்லோ அல்ல, அதை ஒட்டிய வேறு ரக வேர்ச்செடி.