பொறியியல் கலந்தாய்வில் மகளுக்குக் கட்-ஆஃப் 178, சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி கிடைக்குமா? அதற்குள் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டலாமா?

கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால், இயற்பியலிலும் வேதியியலிலும் பாதியை மட்டும் எடுத்து 92+44+42, ஆக 178. ஆனால் இடத்தைத் தீர்மானிப்பது இந்த எண் மட்டும் அல்ல; பொதுத் தரவரிசையும் வகுப்புவாரித் தரவரிசையும்தான். போன வருடக் கட்-ஆஃபை அப்படியே நம்பாதீர்கள், மதிப்பெண் ஏறி இறங்கினால் அதுவும் மாறும். அந்த மதிப்பெண்ணுக்கு அப்போது என்ன ரேங்க் என்று பாருங்கள்.

பலர் சறுக்குவது விருப்பப் பட்டியலில். "கிடைக்காது" என்று நினைத்துக் கருப்பூரைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். கணினி உங்கள் முதல் விருப்பத்திலிருந்துதான் இறங்கி வரும். எட்டாததை மேலே வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆகவே ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய. குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். மூன்றாவது விருப்பம் கிடைத்திருந்தால், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்து, கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். மேலே காலியானால் அது வரும், இல்லையென்றால் இது நிற்கும். மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

முன்பணத்தை ரசீது இல்லாமல் கட்டவே வேண்டாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.