ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வெறும் குரல் நடிகர்தானா?

இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடராகவும், 1994இல் வந்த 'தி லயன் கிங்' படத்தின் சிங்க அரசன் முஃபாசாவாகவும் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அவருடைய உண்மையான களம் நியூயார்க் நாடக மேடை.

1931இல் மிசிசிப்பியில் பிறந்தவர். மிச்சிகனில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தபோது திக்குவாய் காரணமாகப் பல ஆண்டுகள் அநேகமாகப் பேசாமலே இருந்தார். பள்ளி ஆசிரியர் ஒருவர் கவிதைகளை வகுப்பின் முன் சொல்ல வைத்தார். மனப்பாடம் செய்த வரிகளில் நாக்கு திக்கவில்லை. அந்தக் கனத்த, அவசரமில்லாத உச்சரிப்புக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1960களில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்தார். 1973இல் அங்கேயே லியர் மன்னர். கறுப்பினக் குத்துச்சண்டை வீரராக நடித்த 'தி கிரேட் ஒயிட் ஹோப்' 1969இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருதைத் தந்தது. 1987இல் 'ஃபென்சஸ்' நாடகத்துக்காக இரண்டாவது டோனி. குப்பை அள்ளும் தொழிலாளியான தந்தை வேடம் அது. என் கணக்கில் அவருடைய உச்சம் அதுவே.

வேடரின் கவச உடைக்குள் இருந்தவர் டேவிட் ப்ரௌஸ். குரல் மட்டும் ஜோன்ஸுடையது. முதல் இரு படங்களின் நடிகர் பட்டியலில் தன் பெயரே வேண்டாம் என்றார். தன் பங்கு படத்தின் ஒரு ஸ்பெஷல் எஃபெக்ட் போன்றதுதான் என்பது அவர் எண்ணம். அடக்கம்தான், ஆனால் கொஞ்சம் அதிகப்படியான அடக்கம்! 2022இல் நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேயில் அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் காலமானார்.