லாரி எங்கே நிற்கும்?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் 2 ஏக்கரை ஒதுக்கி, சனி ஞாயிறுகளில் கூடாரம் போட்டு விடலாம் என்றிருக்கிறோம். அதிகபட்சம் 40 பேர். கழிப்பறை, குளியலறை எத்தனை வேண்டும்? "கழிவுக்குச் சிமெண்ட் உறை இறக்கிவிட்டால் ஆயுசுக்கும் அள்ள வேண்டாம்" என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிவின் கீழே எங்கள் கிணறு இருக்கிறது.

பதில்: எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். 8 பேருக்கு ஒரு கழிப்பறை என்று என் கணக்கு. ஆக 5, அதில் 3 பெண்களுக்கு. குளியலறை 4 போதும். இரண்டையும் ஒரே அறையாகக் கட்டாதீர்கள். ஒருவர் நிதானமாகக் குளிக்கும்போது இன்னொருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். கூடாரத்திலிருந்து 50 மீட்டருக்குள், வழி நெடுக விளக்கோடு இருக்கட்டும். இருட்டாக இருந்தாலோ, காட்டுமாடு நிற்கிறது என்று யாராவது சொல்லிவிட்டாலோ, விருந்தினர் காப்பிச் செடி மறைவிலேயே காரியத்தை முடித்துவிடுவார்.

இனி உங்கள் ஒப்பந்தக்காரர். அடித்தளம் போடாமல் நான்கு சிமெண்ட் உறைகளை அடுக்கி மூடிவிட்டு அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைக்கிறார்கள். அது டேங்க்கே இல்லை, ஒழுகும் குழி. அது சீக்கிரம் நிரம்பாது என்பது உண்மைதான். உள்ளே போகும் தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தால் எப்படிச் சீக்கிரம் நிரம்பும்? உங்கள் விஷயத்தில் அது இறங்கிப் போகிற திசையில் கிணறு இருக்கிறது. சரியாகக் கட்டிய டேங்க்கில் கசடு சேரும், சில வருடத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆகவேண்டும். உங்கள் 40 பேருக்கு அடித்தளம் போட்டு, உள்ளே பூசி, இரண்டு அறையாகப் பிரித்த 8,000 லிட்டர் டேங்க் கட்டுங்கள். வாரம் முழுக்க ஆள் இல்லையே என்று சராசரி பார்த்துச் சிறிதாக்க வேண்டாம். சனிக்கிழமை ராத்திரிக்குச் சராசரி தெரியாது.

கசடை உறிஞ்சி எடுக்க லாரி வரவேண்டும் அல்லவா? கீழே சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி லாரி வந்துவிடும். வந்த பிறகு எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. மேலே ரோடு, கீழே சரிவில் டேங்க் என்றால் இழுக்காது. உறிஞ்சி மேலே ஏற்றுவது காற்றழுத்தம்தான். கடல் மட்டத்திலேயே தண்ணீரை அது 10 மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் தூக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் இன்னும் குறைவு. கெட்டியான கசட்டுக்கு 5 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். லாரியால் முடியாதபோது "ஆளை இறக்கிவிடலாம் சார்" என்று ஒருவர் வந்து நிற்பார். மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும். பள்ளத்தில் டேங்க் கட்டவே கட்டாதீர்கள்.

"பயோ டேங்க், பாக்டீரியா பவுடர்" என்று வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் பயோ டைஜஸ்டர், அதாவது பாக்டீரியாவை விட்டுக் கழிவைச் சிதைக்கும் தொட்டி, உண்மையான சரக்கு, ரயிலிலேயே ஓடுகிறது. ஆனால் அதிலிருந்து வெளிவரும் தண்ணீரும் நோய்க்கிருமி உள்ள தண்ணீர்தான். அதற்கும் ஒரு போக்கிடம் வேண்டும். விற்பவர் இதை மட்டும் சொல்ல மாட்டார்.

அந்தப் போக்கிடம் உறிஞ்சுகுழி. கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தர விதி, ஐஎஸ் 2470. டேப் பிடித்து 18 அளந்து கையெழுத்துப் போடுகிற அலுவலகங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். கீழே என்ன இருக்கிறது என்று ஒரு கடப்பாரை குத்திப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 18 மீட்டர் என்பது மண்ணுக்கு. மண் வடிகட்டும். ஏற்காடு பாறை மலை. பல இடத்தில் மூன்று நான்கு அடிக்குக் கீழே பாறை தட்டும். பாறை வெடிப்பு வழியாக ஓடும் தண்ணீரை யாரும் வடிகட்டுவதில்லை, 50 மீட்டரானாலும் ஓடிவந்து சேரும். அதனால் உங்களுக்கு ஆழக் குழி கூடாது. மேல்மண் தடிமனாக உள்ள பக்கம் பார்த்து, கிணற்றின் நீரோட்டத்துக்கு விலகி, ஆழமில்லாத நீளக் கால்வாயில் ஜல்லி போட்டுப் பரப்பிவிட வேண்டும். அதற்கும் மண் இல்லையென்றால் தரைக்கு மேலே தொட்டி கட்டி, ஜல்லி நிரப்பி, கோரை வைத்து அதன் வழியே விடவேண்டும். செலவு கூடும்தான். கட்டுப்படியாகாவிட்டால் கூடாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குளியல் தண்ணீரை டேங்க்கில் விடாதீர்கள். தனிக் குழாயில் வாழைக்குப் போகட்டும். சமையல் தண்ணீர் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பொறியைத் தாண்டித்தான் எங்கேயும் போகவேண்டும். ஷவர் வேண்டாம், வாளி வையுங்கள். ஷவரில் 10 நிமிடம் நின்றால் 100 லிட்டர், வாளிக்கு 20. வெந்நீருக்கு கீசர் வாங்கச் சொல்வார்கள். 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஏற்காட்டுக் குளிரில் காய 40 நிமிடம் ஆகும், இரண்டு பேர் குளித்தால் தீர்ந்தது. காலை 7 மணிக்கு 40 பேர் துண்டோடு நிற்கும்போது உதவாது. தோட்டத்தில் கவாத்துக் கழிவு இருக்கிறதே, விறகு பாய்லர் வையுங்கள்.

இப்போது செய்யவேண்டியது ஒன்றே. ஐப்பசி மழை ஒருமுறை நன்றாகப் பெய்து ஓய்ந்த பிறகு, கால்வாய் வரும் இடத்தில் அதே ஆழத்துக்கு ஓரடி அகலக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் அரையடி ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சித்திரையில் பார்த்தால் எந்த மண்ணும் மடக்கென்று குடித்துவிடும். 60 நிமிடத்துக்கு மேல் போனால் கால்வாய் பலிக்காது, கோரைத் தொட்டிதான். நிமிடக் கணக்கை எழுதி அனுப்புங்கள், நீளம் சொல்கிறேன். அதுவரை உறைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.